நகையில் தடம் பதிக்க எந்தச் சுத்தியல்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கையால் நகை செய்யும் வாசகர்கள் அனுப்பிய கடிதங்களிலிருந்து, உலோகத்தின் மேற்பரப்பில் சுத்தியலால் தடம் பதிப்பது பற்றிய கேள்விகளை மட்டும் இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறோம். ஒரே ஐயத்தைப் பலர் கேட்டிருந்த இடங்களில் கடிதங்களைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறோம்.

கேள்வி: செம்பிலும் வெள்ளியிலும் காதணியும் பதக்கமும் செய்யக் கற்றுவருகிறேன். தகட்டில் குழிக்குழியாகத் தடம் பதிக்க ஆசை. விற்பனைப் பட்டியலைப் பார்த்தால் பத்துப் பன்னிரண்டு வகைச் சுத்தியல்கள் இருக்கின்றன. முதலில் எதை வாங்குவது?

பதில்: பட்டியலில் உள்ள பெயர்களைச் சற்று ஒதுக்கிவைத்துவிட்டு, சுத்தியலில் உலோகத்தைத் தொடும் முகத்தை மட்டும் கவனியுங்கள். அந்த முகம் எவ்வளவு வளைந்திருக்கிறது, அதன் விளிம்பு கூராக முடிகிறதா மழுங்கி முடிகிறதா, அது எவ்வளவு மெருகுடன் இருக்கிறது ஆகிய மூன்றும்தான் தகட்டில் விழும் தடத்தைத் தீர்மானிக்கின்றன. எடையும் கைப்பிடியும் தடத்தின் ஆழத்தையும் உங்கள் கையின் களைப்பையும் கூட்டிக் குறைக்கும். தடத்தின் சாயலை முகம்தான் தருகிறது.

வளைவைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். 12 மி.மீ. விட்டமுள்ள குண்டு முனையால் அடித்து 0.1 மி.மீ. ஆழத்துக்குக் குழி விழுந்தால், அக்குழியின் வாய் ஏறத்தாழ 2.2 மி.மீ. அகலம் இருக்கும். 50 மி.மீ. ஆரமுள்ள வளைவைக் கொண்ட, பார்வைக்குத் தட்டையாகவே தோன்றும் இன்னொரு முகத்தால் அடித்தால், அதில் பாதி ஆழத்திலேயே ஏறத்தாழ 4.5 மி.மீ. அகலமான தடம் கிடைத்துவிடும். முதலாவது நிழல் தேங்கும் சிறு பள்ளம். இரண்டாவது, நகை அசையும்போதெல்லாம் ஒளியை வாங்கித் திருப்பும் அகலமான பட்டை. காதணி போன்ற மெல்லிய பணிகளுக்கு 0.5 மி.மீ. தகடு எடுக்கிறோம் என்று வைத்துக்கொண்டால், 0.1 மி.மீ. குழி என்பது தகட்டின் கனத்தில் ஐந்தில் ஒரு பங்கு. ஆகவே மெல்லிய தகட்டுக்கு அகன்ற வளைவும், 1 மி.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட கனமுள்ள தகட்டுக்குச் சிறு குண்டு முனையும் பொருந்தும் என்பது என் கருத்து.

இந்த இரண்டு வளைவுகளையும் ஒரே கருவியில் தருவது பால் பீன் சுத்தியல். அதன் ஒரு பக்கம் குண்டாகவும் மறுபக்கம் ஏறக்குறையத் தட்டையாகவும் இருக்கும். 110 கிராமிலிருந்து 225 கிராம் வரை தலை எடையுள்ள ஒன்றை முதலில் வாங்குங்கள். 450 கிராம் சுத்தியல் இயந்திரப் பட்டறைக்கு உரியது. அது நகைத் தகட்டைத் தடம் பதிப்பதற்கு முன்பே நசுக்கிப் பரப்பிவிடும். இரண்டாவதாக, ஒரு முனை உளி போல ஒடுங்கிய சிறு கிராஸ் பீன் சுத்தியல் வேண்டும். தறையாணி அடிக்கப் பயன்படும் சிறிய அளவே போதும். அதன் முனையை நன்றாக உருட்டி மெருகிட்டுக்கொண்டால் மரப்பட்டை போன்ற வரிகளையும், பின்னல் போன்ற குறுக்குக் கோடுகளையும் அதைக் கொண்டே வரவழைக்கலாம். மூன்றாவது, தடம் பதிக்காத ஒரு கொட்டாப்புளி: மரத்தாலோ, நைலானாலோ, சுருட்டிய பச்சைத்தோலாலோ ஆனது. அடித்தபின் வளைந்துபோன தகட்டை நேராக்க அது இல்லாமல் முடியாது.

இந்த மூன்றுக்கும் ஒதுக்கிய பணத்துக்கு இணையாக ஓர் எஃகுப் பட்டடைக்கும் ஒதுக்குங்கள். சுத்தியல் மேலிருந்து என்ன செய்கிறதோ அதையே பட்டடை கீழிருந்து செய்கிறது. பட்டடையில் உள்ள ஒவ்வொரு கீறலும் தகட்டின் பின்புறத்தில் பதியும், சொரசொரப்பான பட்டடையின்மேல் எத்தனை நல்ல சுத்தியலைப் பயன்படுத்தினாலும் பதக்கத்தின் பின்பக்கம் பழுதாகத்தான் இருக்கும். பத்துச் சுத்தியல்கள் சேர்ந்த தொகுப்பைத் தொடக்கத்திலேயே வாங்க வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வேன். அவற்றில் பெரும்பாலானவை முகம் பண்படுத்தப்படாமலே வரும், பத்து முகங்களைப் பண்படுத்தும் பொறுமை யாருக்கும் எளிதில் வாய்ப்பதில்லை.

கேள்வி: புதிய பால் பீன் சுத்தியலைத்தான் பயன்படுத்துகிறேன். குண்டு முனை நன்றாகக் குழி விடுகிறது. ஆனால் தட்டை முகத்தால் அடிக்கும்போது தகட்டில் பிறை வடிவத்தில் வெட்டு விழுகிறது. குழிகளுக்குள்ளும் மெல்லிய கோடுகள் தெரிகின்றன. அடிக்கும் முறையில் தவறா, சுத்தியலில் குறையா?

பதில்: இரண்டும் சிறிது சிறிது இருக்கலாம், ஆனால் முதலில் சுத்தியலைச் சரிசெய்யுங்கள். தட்டை முகம் முற்றிலும் தட்டையாக இருந்தால், கை ஒரு சிறு கோணம் சாய்ந்தாலும் முகத்தின் நடுப்பகுதிக்குப் பதிலாக விளிம்பே தகட்டைத் தொடும். அந்தத் தொடுகைதான் பிறை வடிவ வெட்டு. எவ்வளவு பழகிய கையானாலும் நூறு அடிகளில் சில அடிகள் சாயும் என்பதால், சாய்ந்தாலும் வெட்டாத முகத்தை உருவாக்கிக்கொள்வதே நல்லது. குழிக்குள் தெரியும் கோடுகள், தொழிற்சாலையில் சாணை பிடித்தபோது சுத்தியலின் முகத்தில் தங்கிய கீறல்கள். எஃகு முகத்தில் உள்ளது எதுவானாலும் மென்மையான வெள்ளியும் செம்பும் அதை அப்படியே வாங்கிக்கொள்ளும்.

பண்படுத்தும் வேலை ஒரு மாலைப்பொழுதுக்குள் முடிந்துவிடும். முதலில் விளிம்பைச் சுற்றிலும் சாணைக்கல்லாலோ அரத்தாலோ கூர்மை போகும்வரை உருட்டுங்கள். சுத்தியலின் முகம் கடினப்படுத்தப்பட்டிருந்தால் அரம் வழுக்கும். அப்போது அரத்தை வருத்தாமல் உப்புத்தாளுக்கு மாறிவிடுங்கள். பிறகு 220 எண் உப்புத்தாளைத் தடித்த தோல் அல்லது ரப்பர்த் துண்டின்மேல் விரித்து, முகத்தை அதில் அழுத்தி உருட்டியபடி இழுத்தால், கீழே உள்ள தோல் சற்று அமுங்கி முகத்துக்கு மெல்லிய புடைப்பைத் தரும். கண்ணாடி போன்ற கடினமான பரப்பின்மேல் தாளை வைத்தால் முகம் மீண்டும் தட்டையாகிவிடும் என்பதை நினைவில் கொள்ளுங்கள். அடுத்து 400, 600, 1000 என்று தாளின் எண்ணைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும்; எண் கூடக் கூடத் தாள் நுண்மையாகும். ஒவ்வொரு தாளுக்கும் திசையைக் குறுக்காக மாற்றினால், முந்திய தாளின் கீறல் முழுவதும் மறைந்துவிட்டதா என்பது கண்ணுக்குத் தெரியும். மறையாமல் அடுத்த தாளுக்குப் போனால் அந்தக் கீறல் கடைசிவரை தங்கிவிடும். முடிவில் மரத்துண்டில் ஒட்டிய தோலில் மெருகுப் பசையைத் தடவித் தேய்க்க, விளக்கின் உருவம் முகத்தில் கலையாமல் தெரிய வேண்டும்.

இதன்பின் ஒரு செம்புத் துண்டில் சில அடிகள் அடித்துப் பெருக்குக் கண்ணாடியால் பாருங்கள். முகத்தில் கண்ணுக்குத் தப்பிய குறை செம்பில் தெரிந்துவிடும். பண்படுத்திய சுத்தியலை மெல்லிய எண்ணெய் தடவி, மற்றக் கருவிகளோடு உரசாமல் தனியே வையுங்கள். ஈரக் கையால் தொட்டுவிட்டு அப்படியே வைத்தாலும் துருப்புள்ளி தோன்றும், துருப்புள்ளியும் தகட்டில் பதியக்கூடியதுதான்.

அடிக்கும் முறையில் ஒன்றைக் கவனியுங்கள். கைப்பிடியை இறுகப் பற்றாமல், தலை தன் எடையால் விழுந்து தானாக எழும்பும்படி விட்டுவிட வேண்டும். சுத்தியலை ஒரே இடத்தில் விழவிட்டு, மற்றக் கையால் தகட்டை நகர்த்துவதே சீரான தடத்துக்கு வழி.

கேள்வி: கோடு, வலை, நட்சத்திரம் என்று முகத்திலேயே வடிவம் செதுக்கிய சுத்தியல்கள் விற்கிறார்களே, அவை பயனுள்ளவையா?

பதில்: பயனுள்ளவைதான், ஆனால் அவற்றின் இயல்பைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். சாதாரண முகம் ஒவ்வோர் அடிக்கும் சற்று வேறான தடத்தைத் தரும். செதுக்கிய முகம் ஒரே வடிவத்தைத் திரும்பத் திரும்ப அச்சிடும். தகடு முழுவதும் சீராக அச்சிட வேண்டுமானால் ஒவ்வோர் அடியும் ஒரே கோணத்தில், ஒரே வலுவில் விழ வேண்டும், அது குண்டு முனையைக் கையாள்வதைவிடக் கடினம். கோடுகள் மட்டும் உள்ள முகத்தைத் திசை மாற்றி மாற்றி அடித்தால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் தீர்ந்துவிடும், துணி நெய்தது போன்ற அழகான பரப்பும் கிடைக்கும். நட்சத்திரம், பூ போன்ற தனி உருவங்கள் உள்ள முகங்களை நான் பரிந்துரைப்பதில்லை. ஓர் உருவத்தின்மேல் இன்னொன்று பாதி விழுந்தால் இரண்டுமே கெட்டுவிடும். தனி உருவம் வேண்டுமென்றால் அதற்கு, முனையில் உருவம் செதுக்கிய முத்திரை உளியே தக்க கருவி.

கோட்டு முகத்தை நீங்களே செய்துகொள்ளலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். விலை குறைந்த ஒரு சுத்தியலின் முகத்தில், சுழல் கருவியில் பூட்டிய மெல்லிய வெட்டுத் தகட்டால் இணைகோடுகளை வெட்டுங்கள். இடைவெளி எல்லாம் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. சிறிது மாறினால் தடம் உயிரோட்டமாக இருக்கும். சுத்தியலில் பள்ளமாக வெட்டியது தகட்டில் மேடாகத்தான் எழும் என்பதால், முதலில் தாளில் வரைந்து எது மேடு எது பள்ளம் என்று முடிவுசெய்துகொள்வது நல்லது. வெட்டும்போது எஃகு சூடேறி நீல நிறம் தோன்றினால் அந்த இடம் கடினத்தை இழந்துவிட்டது என்று பொருள். எனவே அடிக்கடி தண்ணீரில் தோய்த்துக் குளிரவைத்து வெட்டுங்கள். வெட்டி முடித்தபின் கோடுகளின் கூரிய ஓரங்களை உப்புத்தாளால் மழுக்க வேண்டும், இல்லாவிட்டால் அவை தகட்டை அழுத்துவதற்குப் பதிலாகக் கிழிக்கும். கண்ணைக் காக்கும் கண்ணாடி அணியாமல் இந்த வேலையைத் தொடவே கூடாது.

கேள்வி: ஐயா, வெள்ளிப் பட்டையை வளைத்துப் பற்றவைத்து மோதிரமாக்கிய பிறகு குண்டு முனையால் தடம் பதித்தேன். மோதிரம் பெரிதாகிவிட்டது. இன்னொரு முறை முதலிலேயே பட்டையில் அடித்தேன். பட்டை ஒரு பக்கமாக வளைந்து, பிறகு ஓரத்தில் விரிசலும் விட்டது. எனக்கு ஏற்ற சுத்தியல் எது?

பதில்: உங்கள் சுத்தியலை மாற்றத் தேவையில்லை என்று நினைக்கிறேன். அடிபட்ட உலோகம் எங்கேயும் மறைந்துவிடுவதில்லை. குழியிலிருந்து விலகியது பக்கவாட்டில் நகர்கிறது. மோதிரமான பின் அடித்தால் அது சுற்றளவாகக் கூடுகிறது. அதனால் முதலில் தேவைக்கு மேல் நீளமான பட்டையில் தடம் பதித்து, அதன்பின் அளந்து வெட்டுவதே சரி. நீளத்தைக் கணக்கிட, உள்விட்டத்தோடு பட்டையின் கனத்தைக் கூட்டி 3.14 ஆல் பெருக்குங்கள். உள்விட்டம் 17 மி.மீ., கனம் 1.3 மி.மீ. என்றால் நீளம் ஏறத்தாழ 57.5 மி.மீ. வரும். அடித்தபின் கனம் குறைந்திருக்கும் என்பதால், கனத்தையும் அடித்தபின்னரே அளக்க வேண்டும்.

ஒரு பக்கமாக வளைந்ததற்குக் காரணம், ஓர் ஓரத்தில் மற்றதைவிட அதிகமாக அடி விழுந்தது. அதிகம் அடிபட்ட ஓரம் நீண்டு, பட்டையை வில்லாக்கிவிடுகிறது. பட்டையின் நடுவிலிருந்து தொடங்கி இரு ஓரங்களுக்கும் மாறி மாறிப் போய்வாருங்கள். கிராஸ் பீன் பயன்படுத்துவோர் இதில் இன்னும் விழிப்பாக இருக்க வேண்டும். அதன் முனைக்கோட்டுக்குச் செங்குத்தான திசையில்தான் உலோகம் நகரும். பட்டையின் நீளவாக்கில் முனையை வைத்து அடித்தால் பட்டை அகலும். குறுக்குவாக்கில் வைத்து அடித்தால் நீளும். இதைத் தெரிந்தவர்கள், பட்டையை வேண்டுமென்றே வளைக்கவும் இதே வழியைப் பயன்படுத்துகிறார்கள்.

விரிசலுக்குக் காரணம் சூடேற்றி இளக்காதது, அதாவது உருகவிடாமல் சூடேற்றி மென்மையாக்காதது. அடிக்க அடிக்க உலோகத்தின் படிக அமைப்பில் குலைவுகள் நெருங்கிச் சேர்ந்து, ஒன்றையொன்று நகரவிடாமல் தடுக்கின்றன. உலோகம் கடினமாகி, ஓர் எல்லைக்குமேல் அடியைத் தாங்காமல் பிளக்கிறது. 92.5 விழுக்காடு வெள்ளியும் மீதி செம்பும் கலந்த தகட்டை ஏறத்தாழ 600 முதல் 650 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றினால் அது மீண்டும் இளகும். மங்கலான வெளிச்சத்தில் அந்த நிலையில் தகடு சற்றே சிவந்து தெரியும். வெயிலில் வைத்துப் பார்த்தால் சிவப்புத் தெரியும்போது சூடு மிகையாகிவிட்டிருக்கும், எனவே நிழலான இடத்தில் செய்யுங்கள். சுத்தியலின் ஓசை கூர்மையாக மாறுவதும், தலை முன்னைவிட அதிகமாகத் துள்ளுவதும் மீண்டும் இளக்க வேண்டிய வேளையைக் காட்டும் அடையாளங்கள். அந்த ஓசைக்குக் காது பழகிவிட்டால் விரிசல் அரிதாகிவிடும். பித்தளையில் விரிசல் வந்தவர்களும் எழுதியிருக்கிறார்கள். கடைசல் வேலைக்கென ஈயம் கலந்து செய்யும் பித்தளை, எப்படி இளக்கினாலும் சுத்தியலுக்கு இணங்காது. ஈயம் இல்லாத தகட்டைக் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: எஃகுப் பட்டடைக்குப் பதில் மரக்கட்டையின்மேல் வைத்து அடிக்கலாமா?

பதில்: மரத்தின்மேல் அடித்தால் தகடு முழுவதுமே கீழே அமுங்கி, பின்புறம் புடைத்து, கிண்ணம் போலாகும். அந்த உருவம் வேண்டுமென்றால் மரம் நல்லது. மேற்பரப்பில் மட்டும் பளிச்சென்ற தடம் வேண்டுமென்றால் கீழே எஃகுதான் இருக்க வேண்டும்.

கேள்வி: சேசிங் சுத்தியல் ஒன்று வைத்திருக்கிறேன். முத்திரை உளிகளை அடிக்கவும் தகட்டில் நேரடியாகத் தடம் பதிக்கவும் அதையே பயன்படுத்தலாமா?

பதில்: கூடாது. சேசிங் சுத்தியல் உளிகளை அடிப்பதற்கென்றே அகன்ற முகத்தோடு செய்யப்படுவது. உளியின் தலை பட்டுப் பட்டு அந்த முகத்தில் வடுக்கள் விழுந்திருக்கும். அவை எல்லாம் தகட்டுக்கு வந்துவிடும். உளி அடிக்கும் சுத்தியல் வேறு, தகட்டைத் தொடும் சுத்தியல் வேறு என்று பிரித்து, கைப்பிடியில் நிற நூல் கட்டியாவது அடையாளப்படுத்திக்கொள்ளுங்கள். முத்திரை உளிக்குப் பித்தளைத் தலைச் சுத்தியல் மிகவும் பொருத்தமானது. அது துள்ளாமல் அடியை முழுமையாக உளிக்குக் கொடுக்கும், உளியின் தலையையும் கெடுக்காது. இன்னொரு முன்னெச்சரிக்கை: ஒரு சுத்தியலை வைத்து இன்னொரு சுத்தியலை ஒருபோதும் அடிக்காதீர்கள். கடினப்படுத்திய இரண்டு எஃகு முகங்கள் மோதினால் சில்லு தெறித்துக் கண்ணைப் பறிக்கக்கூடும்.

கேள்வி: அரை மணி நேரம் அடித்தாலே மணிக்கட்டு வலிக்கிறது. ஓசையால் வீட்டில் உள்ளவர்களுக்கும் தொந்தரவு. கனம் குறைந்த சுத்தியல் வாங்கினால் சரியாகுமா?

பதில்: கனம் குறைந்தால் வலி குறையும் என்று எண்ணுவது இயல்பு. ஆனால் மிக இலேசான சுத்தியலால் ஆழமான தடம் வேண்டி அடிப்பவர்கள் தங்கள் வலுவைக் கூட்டி ஓங்குகிறார்கள், வலி அங்கேதான் பிறக்கிறது. நீங்கள் விரும்பும் ஆழம், சுத்தியலைச் சும்மா விழவிட்டாலே கிடைக்குமளவு எடையுள்ள ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். கைப்பிடியின் கழுத்துப் பகுதி மெலிந்திருந்தால் அது அதிர்வைத் தாங்கிக்கொள்ளும். சேசிங் சுத்தியலுக்கு அப்படி மெலிந்த மரப்பிடி வைப்பதன் காரணமும் அதுவே. பிடி உள்ளங்கைக்குப் பருமனாக இருந்தால் விரல்கள் இறுகும். பருமனைச் செதுக்கிக் குறைத்துக்கொள்ளத் தயங்காதீர்கள். பட்டடை மிக உயரமாக இருந்தால் தோளும், மிகத் தாழ்வாக இருந்தால் முதுகும் வலிக்கும். அடிக்கும் கணத்தில் முன்கை தரைக்கு ஏறக்குறைய இணையாக இருக்குமாறு இருக்கையைச் சரிசெய்யுங்கள்.

ஓசைக்குப் பட்டடையின் அடியில் மணல் நிரப்பிய தோற்பையை வைத்தால் கணீரென்ற ஒலி பெருமளவு அடங்கிவிடும். வீட்டாருக்கு அது போதும். உங்கள் காதுக்கு அது போதாது. எஃகின்மேல் எஃகு படும் ஓசையைப் பக்கத்தில் இருந்து நாள்தோறும் கேட்டால் செவித்திறன் மெல்லக் குறையும், குறைந்தது திரும்பி வருவதில்லை. காதடைப்பான் அணிந்தே வேலை செய்யுங்கள். சுத்தியலின் ஓசைமாற்றத்தைக் கேட்க வேண்டும் என்று மேலே சொன்னது காதடைப்பானோடும் கேட்கும்.

கேள்வி: தடம் பதித்துவிட்டு உப்புத்தாளால் தேய்த்து மெருகிட்டேன். பளிச்சென்று இருந்த தடங்கள் மங்கிவிட்டன. கல் பதித்த பழைய பதக்கம் ஒன்றிலும் தடம் பதிக்க எண்ணியிருக்கிறேன். அதற்கு எந்தச் சுத்தியல் ஏற்றது?

பதில்: தேய்ப்பதும் மெருகிடுவதும் தடத்துக்கு முன்பே முடிய வேண்டிய வேலைகள். மெருகிட்ட தகட்டை மெருகிட்ட சுத்தியலால் அடித்தால் தடமே பளபளப்போடு விழும்; அதன்மேல் உப்புத்தாள் பட்டால் விளிம்புகள் கரைந்து, குழிகள் வெறும் அலையாகிவிடும். அறுப்பது, ஓரம் தேய்ப்பது, இளக்குவது, படிந்த கறையை நீக்குவது, மெருகிடுவது, அதன்பின் சுத்தியல் என்ற வரிசையைக் கைக்கொள்ளுங்கள். பற்றவைத்தபின் மீண்டும் பளபளப்பு வேண்டுமானால், சிறு எஃகு மணிகளோடு உருளையில் சுழற்றும் முறை தடத்தைத் தேய்க்காமல் துலக்கும்.

கல் பதித்த பதக்கத்தில் எந்தச் சுத்தியலையும் தொடாதீர்கள். அதிர்ச்சியில் கல் பிளக்கலாம், அல்லது கல்லைப் பிடித்திருக்கும் விளிம்பு தளர்ந்து கல் பின்னொரு நாளில் உதிரலாம். கல்லைக் கழற்ற முடியுமானால் கழற்றிவிட்டு, பின்புறத்தில் பற்றவைத்த வளையமோ கூடோ இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பதக்கம் பட்டடையில் சமமாகப் படியாது, பற்றவைத்த இணைப்பும் அடிபட்டு விட்டுப்போகும். மேல்முலாம் பூசிய நகையென்றால் முலாம் உரிந்து அடியுலோகம் வெளிப்படும். இவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தாலும் அந்தப் பழைய பதக்கத்தை அப்படியே விட்டுவிட்டு, அதே அளவில் புதிய தகடு ஒன்றை வெட்டி, அதில் தடம் பதித்து, கல்லை அதற்கு மாற்றிக்கொள்ளுங்கள்.